வேலிக்குள் ஒரு பிள்ளை

விடியற்காலை நாலரை மணி. அல் அய்ன் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகிற ஒற்றை ரோடு. முன்னால் வண்டி இல்லை. பின்னால் வண்டி இல்லை. எங்கே பார்த்தாலும் பனி... வெள்ளைத் துணியை வேன் மேல் போர்த்திவிட்ட மாதிரி.

நிஜாம் வேனை ஓரம் கட்டி, நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டான்.

"இதுக்கு மேல ஓட்டுனா எவன் வண்டியிலயாவது கொண்டுபோய்ச் சொருகிருவேன். பனி விலகட்டும்" என்றான்.

டிக்... டிக்... டிக்... அந்த விளக்குச் சத்தம் மட்டும்தான். அல் கூஸ் லேபர் கேம்பிலிருந்து கட்டட சைட்டுக்கு வேலைக்குப் போகிற ஆட்கள் நாங்கள். ஏழெட்டுப் பேர், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். ஒருவன் மூச்சு இன்னொருவன் கழுத்தில் பட்டது.

உமாபதிக்கு ஒன்றுக்கு வந்தது. கதவைத் திறந்தான்.

"தூரமாப் போகாத" என்றார் பொன்னுச்சாமி அண்ணன். "ஒரு கை வண்டியத் தொட்டுக்கிட்டே இருக்கட்டும்."

"ஏண்ணே?"

"இடது பக்கம் என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு? காடு. வேலி போட்ட காடு. போய்ட்டு வா, சொல்றேன்."

உமாபதி போன வேகத்தில் திரும்பி வந்தான். போன காரியம் முடிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பொன்னுச்சாமி அண்ணன் எங்கள் மேஸ்திரி. வேலை நேரத்தில் அதட்டுவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பார். அன்றைக்கு அவராகவே ஆரம்பித்தார்.

"என் ரூம்ல இருந்தானே பாலகுரு... அவன் அக்காவுக்கு நடந்தது இது. இதே மாதிரி ஒரு காடு. இதே மாதிரி ஒரு பனி."

அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

பாலகுருவின் அக்கா பெயர் ஜோதிமணி. அறந்தாங்கிப் பக்கத்து ஆள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. அல் அய்னில் ஒரு அரபி வீட்டில் சமையல் வேலைக்கு வந்தாள். வந்த வருஷம்தான் அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஷம்மா.

சமையலுக்கு வந்தவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைக்கே ஆளாகிவிட்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் ஜோதிமணிதான். ஷம்மாவுக்கு அம்மாவிடம் அரபி, டிவியிடம் இங்கிலீஷ், ஜோதிமணியிடம் தமிழ். அதுவும் சுத்தமான அறந்தாங்கித் தமிழ். "அங்கிட்டுப் போகாத", "இங்கிட்டு வா" என்று அந்த அரபிப் பிள்ளை பேசுவதைக் கேட்டு அதன் அம்மாவே சிரிப்பாள். ஜோதிமணியை 'மணி' என்றுதான் கூப்பிடும்.

ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது. கொஞ்சம் பேரீச்சை, ஆட்டுக்கொட்டில், ஒரு வீடு. குளிர் தொடங்கிவிட்டால் வார விடுமுறைக்கு எல்லோரும் அங்கே போய்விடுவார்கள். தோட்டத்துக்குப் பின்னால் வெட்டவெளி. முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் புதர்கள்... காய்ந்த மாதிரி இருக்கும், ஒடித்துப் பார்த்தால் உள்ளே பச்சை. அதைத் தாண்டினால் காடு.

யாரோ எப்போதோ நட்டு வளர்த்த காடு. எல்லாம் காஃப் மரம். நம் ஊர் வன்னி மரமேதான் அது. வரிசை வரிசையாக, கோடு போட்ட மாதிரி நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் அடியில் கறுப்புக் குழாய், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். உள்ளே மான் விட்டிருந்ததால் சுற்றிலும் கம்பி வேலி. வீட்டுப் பின்கதவிலிருந்து நடந்தால், கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் காட்டுக்குப் போய்விடலாம். அவ்வளவு பக்கம்.

ஷம்மாவுக்கு மூன்று வயது முடிந்த வருஷம், நவம்பர் கடைசி. நம் ஊரில் கார்த்திகை. பாங்கு சொல்லி முடிந்து, வெளிச்சம் வரலாமா வேண்டாமா என்று இருக்கிற நேரம். ஜோதிமணி அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஷம்மா தூக்கக் கண்ணோடு வந்து அவள் உடுப்பைப் பிடித்து இழுத்தது.

"மணி, ஆட்டுக்குட்டி பாக்கணும்."

"இருடி தங்கம். மாவ மூடி வச்சிட்டு வாரேன்."

மூடி வைத்துவிட்டுத் திரும்பினால் பிள்ளை இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. அது வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது... தரையோடு தரையாக.

கொட்டிலுக்கு ஓடினாள். ஆடு இருந்தது. குட்டி இருந்தது. பிள்ளை இல்லை.

சத்தம் போட்டுக் கூப்பிடவும் பயம். பிள்ளையின் அம்மா, மேடம், எழுந்துவிட்டால் என்ன சொல்வது? அரபி வீட்டுப் பிள்ளையைத் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு நிற்பது? போலீஸ், ஜெயில் என்று என்னென்னவோ மண்டைக்குள் ஓடியது. தோட்டத்தின் பின்வாசலுக்கு வந்தாள். அங்கே ஈர மணலில் சின்னக் கால்தடம். வெட்டவெளியைப் பார்த்துப் போயிருந்தது.

தடத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். புதர்களில் பனித்தண்ணீர். பாவாடை முழங்கால் வரை நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது. பாதி தூரம் போனதும் அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம் சேர்ந்துகொண்டது. அதே அளவு. அதே சின்னக் கால். பிள்ளை போய்விட்டுத் திரும்பியிருக்கிறது என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள்.

இரண்டுமே போகிற தடம். வருகிற தடம் ஒன்றுகூட இல்லை.

"அப்பவே திரும்பியிருக்கணும்ணே" என்றான் உமாபதி, மெதுவாக.

"எப்படித் திரும்புறது? பிள்ள உள்ள இருக்கே" என்றார் பொன்னுச்சாமி அண்ணன்.

வேலிக்கு வந்தாள். ஒரு இடத்தில் காற்று மணலை அள்ளிக்கொண்டு போய், கம்பிக்கு அடியில் பள்ளமாகக் கிடந்தது. தடம் இரண்டும் அதில் இறங்கி உள்ளே போயிருந்தது. ஜோதிமணியும் படுத்து, ஊர்ந்து, முதுகில் கம்பி கிழிக்க உள்ளே போனாள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெட்டவெளியிலாவது தூரத்து ரோட்டில் லாரி போகிற இரைச்சல் இருந்தது. வேலிக்கு உள்ளே வந்ததும் அது நின்றுவிட்டது. ட்டப்... ட்டப்... என்று குழாய்ச் சொட்டு மட்டும். ஈர மண் வாசனை. மான் புழுக்கை வாசனை. நாலு மரத்துக்கு அப்பால் எல்லாம் வெள்ளை.

கொஞ்ச தூரத்திலேயே பிள்ளை இருந்தது. ஒரு மரத்தைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு, நெற்றியை மரத்தில் முட்டுக்கொடுத்து நின்றது.

"ஷம்மா."

திரும்பியது. அதே முகம். அதே பூப்போட்ட இராத்திரிச் சட்டை. ஜோதிமணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் தலைமுடியில் எப்போதும் மேடம் போடுகிற பக்கூர் புகை வாசனை இருக்கும், நம் சாம்பிராணி மாதிரி. அன்றைக்கு மண் வாசனைதான் வந்தது. பனியில் போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

"சொல்லாமக் கொள்ளாம வருவியா? வாய்ல என்ன இருக்கு? பேசுடி."

பேசவில்லை. கையை மட்டும் நீட்டியது. பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

நாலு எட்டு வைத்திருப்பாள். பின்னாலிருந்து...

"மணி."

அந்தக் குரலை அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்கிற குரல்.

"மணி... இங்கிட்டு. நான் இங்கிட்டு இருக்கேன்."

ஜோதிமணி நின்றுவிட்டாள். கையில் பிள்ளையின் விரல்கள் இருக்கின்றன. குரல் பின்னாலிருந்து வருகிறது. குனிந்து பார்த்தாள். பிள்ளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. குரல் வருகிற பக்கம் திரும்பவே இல்லை. சாதாரணமாக ஒரு பிள்ளை திரும்பிப் பார்க்கும், இல்லையா?

"அடி, நீ பேசுடி. ஒரு வார்த்தை பேசு. நான் யாரு? சொல்லு."

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தது. பிடியை இறுக்கியது. அவ்வளவுதான்.

"மணி, யாரக் கூட்டிட்டுப் போற?"

அந்தக் கேள்வியில் பொய் இருக்கிற மாதிரியே தெரியவில்லை என்று சொன்னாளாம், பின்னால் தம்பியிடம். வீட்டில் அவள் வேறு பிள்ளையைத் தூக்கினால் ஷம்மா எப்படிக் கோபப்படுமோ, அதே கோபம்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தனியாகப் போகிறபோது பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக் கூடாது, பதில் சொல்லக் கூடாது. தெரிந்த குரலாக இருந்தாலும். தெரிந்த குரலில்தான் அது கூப்பிடும். ஜோதிமணியும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். கையில் பிடித்திருப்பது சதையும் எலும்புமாக இருக்கிறது. பின்னால் இருப்பது வெறும் சத்தம். எது பிள்ளை, எது பேய்? அவள் கணக்கு அவ்வளவுதான். போதாததற்கு மேடம் எழுகிற நேரம். கையில் ஒரு பிள்ளை இருந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும்.

"திரும்பலைல்ல?" என்றான் நிஜாம். அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முழுசாகப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

"திரும்பல."

"அதான் சரி" என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

பொன்னுச்சாமி அண்ணன் கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்தார். டிக்... டிக்... அப்புறம் மேலே சொன்னார்.

வந்த வழியாகவே போனாள். வரிசை மரம்தானே, ஒரே கோடாகப் போனால் வேலி வந்தாக வேண்டும். வந்தது. ஆனால் அந்தப் பள்ளம் இல்லை. சரி, கொஞ்சம் தள்ளி வந்துவிட்டோம் என்று வேலியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நடந்தாள்... நடந்தாள். ஒரு மரத்தடியில் நீல டிரம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தாண்டிப் போனாள். வேலி ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளமும் இல்லை, கதவும் இல்லை. மறுபடியும் நீல டிரம்.

கம்பிக்கு அந்தப் பக்கம் புதர் தெரிகிறது. அதற்கு அப்பால் தோட்டத்துச் சேவல் கூவுகிறது. ஆடு கத்துகிறது. எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில். அவள் இந்தப் பக்கம். வேலியில் ஏறிப் பார்த்தாள். பிள்ளை கையை விடவில்லை. ஒரு கையால் ஏற முடியவில்லை. "விடுடி, உன்னத் தூக்கி அந்தப் பக்கம் போடுறேன்" என்றாள். விடவில்லை. வலிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டது.

குரலும் கூடவே வந்தது. பக்கத்து வரிசையில்... அவள் நடந்தால் நடந்தது. அவள் நின்றால் நின்றது. காய்ந்த இலை மிதிபடுகிற சத்தம்கூடக் கேட்டது. முதலில் கோபமாகக் கூப்பிட்டது. அப்புறம் அழுதது. அழுது அழுது விக்கல் வந்தது. விக்கலோடு கூப்பிட்டது. "மணி, என்னப் பாரு. ஒரு தடவ பாரு." ஜோதிமணி வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள். திரும்பவில்லை. கழுத்து வலித்ததாம், திரும்பாமல் இருந்து இருந்து.

மூன்றாவது முறை அந்த டிரம்மைத் தாண்டியபோது எதிரே மான்கள் நின்றன. பத்துப் பதினைந்து இருக்கும். பனிக்குள் பொம்மை மாதிரி, அசையாமல். குரல் வருகிற பக்கம் ஒரு மானும் பார்க்கவில்லை. ஜோதிமணியையும் பார்க்கவில்லை. எல்லாம் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன... கையில் பிடித்திருந்த பிள்ளையை. பிள்ளை ஒரு அடி முன்னால் வைத்தது. அவ்வளவுதான், சிதறி ஓடிவிட்டன. எதிரே இரண்டு வழி இருந்தது. எல்லா மானும் அழுகை கேட்கிற பக்கமாகத்தான் ஓடின.

அப்போதுதான் எங்கோ ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. டுக்... டுக்... டுக்... டுக்... தண்ணீர் பம்பு. ஜோதிமணி வேலியை விட்டாள், வரிசையை விட்டாள், அந்தச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓடினாள். முகத்தில் கிளை அடித்தது. பிள்ளை இழுத்த இழுப்புக்கு வந்தது, மூச்சுகூட வாங்கவில்லை. கடைசியில் இரும்புக் கதவு. சங்கிலி, பூட்டு. அந்தப் பக்கம் கையில் டார்ச்சோடு ஒரு ஆள்.

அஹ்சன். பாகிஸ்தான்காரர், நரைத்த தாடி. காட்டுக்குத் தண்ணீர் விடுகிற வேலை, பம்பு ரூமிலேயே படுக்கை. அவர் இந்தியில் கேட்டார். ஜோதிமணிக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பதில்.

"நீ எப்படி உள்ள போன?"

"பிள்ள போயிருச்சு பாய். கதவத் திறங்க. ஜல்தி."

திறந்தார். அவள் பிள்ளையோடு வெளியே வந்தாள். அவர் பூட்டாமல், உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு பிள்ளை?"

"இன்னொண்ணு இல்ல பாய். ஒண்ணுதான்."

"உள்ள அழுகுதே. எனக்குக் கேக்குது. உன்னத்தான கூப்பிடுது?"

அதுவரைக்கும் அந்தச் சத்தம் தன் காதுக்குள் மட்டும்தான் என்று ஜோதிமணி மனசின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். அவர் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போகாதீங்க. அது பிள்ள இல்ல. கலாஸ், பாய். கலாஸ். பூட்டிடுங்க." கலாஸ் என்றால் அரபியில் முடிந்தது, அவ்வளவுதான்.

அவர் அவளைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையின் முகத்தில் டார்ச் அடித்தார். அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. என்ன நினைத்தாரோ... கதவைச் சாத்திச் சங்கிலியைப் போட்டார்.

சங்கிலிச் சத்தம் கேட்டதும் உள்ளே அழுகை நின்றது. டக்கென்று. காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஒரு அமைதி. அப்புறம் ஒரே ஒரு தடவை, சந்தேகமாகக் கேட்கிற மாதிரி...

"மணி?"

பூட்டு விழுந்தது.

வீடு அங்கேயேதான் இருந்தது. புதர்களைத் தாண்டி ஒரு டீ ஆறுகிற தூரம். மேடம் அப்போதுதான் எழுந்து வந்தாள். ஆட்டுக்குட்டி பார்க்கப் போனோம் என்று ஜோதிமணி சொன்னாள். மேடம் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். வெயில் வந்தது. பனி விலகியது. காடு வெறும் காடாக நின்றது.

அதற்கப்புறம் பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. அடம் இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டது. படுக்கச் சொன்னால் படுத்தது. அம்மாவோடு அரபியில் சிரித்துப் பேசியது. தமிழ் மட்டும் போய்விட்டது. ஒரு வார்த்தை இல்லை. "வாடி தங்கம்" என்று ஜோதிமணி கூப்பிட்டால், ரோட்டில் போகிறவளைப் பார்க்கிற மாதிரி பார்க்கும். 'மணி' என்று கூப்பிடவே இல்லை. சின்னப் பிள்ளைதானே, ஒன்று படித்தால் ஒன்று மறக்கும் என்றாள் மேடம்.

ஜோதிமணிக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை தோட்டத்துக்கு வந்தபோது, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் அஹ்சனைக் கேட்டாள். அன்றைக்குப் பனி விலகியதும் அவர் வரிசை வரிசையாகத் தேடியிருக்கிறார். ஒருவரும் இல்லை. "ஆனா பனி விழுகிற காலையில கேக்குது. என்ன பாஷைன்னு தெரியல. உன் பேரு மட்டும் தெரியுது" என்றார்.

மறுநாள் விடியக்காலை பனி இறங்கியது. ஜோதிமணியால் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து, அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல், பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே ட்டப்... ட்டப்... சொட்டுச் சத்தம். அப்புறம் எங்கோ மரங்களுக்கு நடுவில் ஒரு இருமல். சின்னப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் இருமுமே, அந்த இருமல்.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அவள் கைக்குள் ஒரு கை நுழைந்தது.

வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை. பின்னால் வந்த சத்தமே கேட்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தது.

"கலாஸ்" என்றது. அவள் அன்றைக்கு அஹ்சனிடம் சொன்ன அதே தொனியில். பிறகு கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தது. ஜோதிமணி போனாள். போகாமல் என்ன செய்வாள்? யாரிடம் போய் என்ன சொல்வாள்? உங்கள் வீட்டில் இருப்பது உங்கள் பிள்ளை இல்லை என்று அந்தத் தாயிடம் சொல்ல முடியுமா?

அந்தக் குளிர்காலம் முழுக்க, அவள் பின்கதவுப் பக்கம் போனாலே அந்தக் கை வந்துவிடும். பகலில் அடுப்படியில் நிற்பாள், பிள்ளை வாசலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். ராத்திரி அவள் ரூம் கதவுக்கு வெளியே விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிள்ளைக்கு உன் மேல் எவ்வளவு பாசம் என்று மேடத்துக்குச் சந்தோஷம். சம்பளம்கூட ஏற்றிக் கொடுத்தாள்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லித்தான் ஜோதிமணி ஊருக்குக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன்னால், எப்படியோ அஹ்சனிடம் தம்பி பாலகுருவின் நம்பரைச் சேர்த்துவிட்டாள். ஏதாவது என்றால் சொல்லுங்கள் என்று. நாலு வருஷமாக அறந்தாங்கியில்தான் இருக்கிறாள். யார் பின்னாலிருந்து கூப்பிட்டாலும் உடனே திரும்பிவிடுவாளாம். பஸ் ஸ்டாண்டில் யாரோ யாரையோ 'மணி' என்று கூப்பிட்டால்கூட.

பொன்னுச்சாமி அண்ணன் நிறுத்தினார். வெளியே பனி கொஞ்சம்கூட விலகவில்லை. உமாபதி என் முழங்கையைப் பிடித்திருந்தான். எப்போது பிடித்தான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"அந்தப் பிள்ள இப்ப?" என்று நிஜாம் கேட்டான்.

"எந்தப் பிள்ள?" என்றார் பொன்னுச்சாமி அண்ணன்.

நிஜாம் முன்பக்கம் திரும்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"வீட்டுல இருக்குறது நல்லாத்தான் இருக்கு. ஸ்கூல் போகுதாம். நல்லாப் படிக்குதாம்" என்றார். அப்புறம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னார்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள். விடிகிற நேரம். ரூமில் பாலகுருவின் போன் அடித்தது. அஹ்சன். பாலகுரு பல் விளக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். பொன்னுச்சாமி அண்ணன் பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தார். அவர் காதாலேயே கேட்டது இது.

அஹ்சன் மெதுவாகப் பேசினார், யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. இன்றைக்குப் பனி அதிகம் பாய் என்றார். குரல் வருகிறது. ஆனால் முன்னே மாதிரி இல்லை. குரல் வளர்ந்துவிட்டது. இப்போது ஸ்கூல் போகிற வயதுப் பிள்ளையின் குரல். அழுவதும் இல்லை. ரொம்ப நாளாகவே அழவில்லை. கதவுப் பக்கம் வந்து ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அர்த்தம் தெரியவில்லை. உங்கள் பாஷையாக இருக்குமா என்று பாருங்கள்.

பிறகு அந்த மனிதர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவர், ஒவ்வொரு எழுத்தாக, தப்பும் தவறுமாகச் சொன்னார்.

"மணி... இப்ப... பயம் இல்லே... பளகி போச்சி."

பாலகுரு வாயில் நுரையோடு அப்படியே நின்றான்.

போனில் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அஹ்சன் கேட்டார்.

"சாப்பாடு கேக்குறாளா பாய்? என்கிட்ட ரொட்டி இருக்கு. வச்சிட்டு வரவா?"

பாலகுரு வாயைக் கொப்பளித்துத் துப்பினான். பிறகு, ஆமாம் என்றான்.